ஹினோசேயின் ஐந்து மணி மெட்டு

ஹினோசே ரயில் நிலையத்தில் குமரேசனை வரவேற்ற ஜப்பானியர், இடுப்பு வரை வளைந்து வணங்கி நிமிர்ந்ததும் கோயமுத்தூர்த் தமிழில் பேசினார்.

"வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமுங்களா? சாப்டீங்களா?"

பெயர் தெஷிமா. நகராட்சியில் முதலீட்டாளர்களைக் கவனிக்கும் அதிகாரி. எந்த ஊர் நிறுவனம் வருகிறதோ அந்த ஊர்ப் பேச்சை ஓர் அதிகாரியாவது கற்றிருக்க வேண்டும் என்பது ஹினோசேயின் விதி. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவரின் காணொளிகளைப் பார்த்தே தெஷிமா தமிழ் கற்றிருந்தார். அதனால் தொழிற்பேட்டை மனையையும் அவர் தோட்டம் விற்பவரைப் போலத்தான் விவரித்தார்.

"நல்ல தண்ணி வசதிங்க. வண்டித்தடம் ரெண்டு பக்கமும் இருக்குதுங்க. கப்பல் துறை கூப்பிடு தூரம். இந்த மண்ணுல எது வெச்சாலும் வெளையுமுங்க."

குமரேசன் சிரித்தான். ஆனால் அவன் கண் தெஷிமாவின் தோளுக்குப் பின்னால் இருந்தது. அங்கே தாரிணி நின்றிருந்தாள்.

நொய்யல் பம்ப்ஸ் நிறுவனம் ஒன்றரை வருடம் முன்பு ஹினோசேயில் சிறிய சோதனைக் கூடம் ஒன்றைத் திறந்தது. அதை நடத்த வந்தவள் தாரிணி. அவள் கணவன் குமரேசன் அதே நிறுவனத்தின் கோவை ஆலையில் உற்பத்தித் தலைவன். சோதனை நன்றாக நடந்ததால் இப்போது முழு ஆலை கட்டலாமா, எண்பது பேரை இங்கே அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்ல அவனை அனுப்பியிருந்தார் சேர்மன். அவனுக்குச் சொந்த வேலை ஒன்றும் இருந்தது. தாரிணியின் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. அவளை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

"எளைச்சுட்டீங்க," என்று சொல்லி அவள் அவன் பையை வாங்கிக்கொண்டாள். முகத்தில் உண்மையான சந்தோஷம். ஆனால் நேற்றுப் பார்த்தவனை இன்றும் பார்த்த சந்தோஷம். விமானத்தில் பத்து மணி நேரம் அவன் எண்ணிப் பார்த்த சந்திப்பு இது அல்ல.

அவள் குடியிருப்பு சுத்தமாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பியை எடுத்தான். பஞ்சுக்கு நடுவில் ஒரு பால் பல்.

"மகியோட கடவாய்ப்பல்லு. உனக்குக் குடுத்துவிட்டா."

அது முழு உண்மை அல்ல. ஒன்பது வயது மகிழினி அந்தப் பல்லைக் குப்பைக்கூடையில் போடப் போனாள். அவன்தான் கேட்டு வாங்கி வைத்தான். முதல் பல் விழுந்தபோது அம்மாவும் மகளும் மொட்டை மாடிக்கு ஓடிப் போய், தண்ணீர்த் தொட்டியின் கூரைமேல் அதை எறிந்துவிட்டு, அணில் வந்து எடுக்கிறதா என்று இருட்டும்வரை உட்கார்ந்திருந்தவர்கள்.

"அட, விழுந்துருச்சா?" தாரிணி டப்பியைத் திறந்து பார்த்தாள். சிரித்தாள். பிறகு மூடி, குளிர்பெட்டியின் மேல் சோயா சாஸ் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "மோர் ஊத்தட்டுங்களா? இங்க தயிர் நல்லாவே கெடைக்குது."

மறுநாள் தெஷிமா ஊரைச் சுற்றிக் காட்டினார். குமரேசன் எத்தனையோ தொழிற்பேட்டைகளைப் பார்த்தவன். இப்படி ஓர் ஊர் தன்னையே தட்டில் வைத்து நீட்டி அவன் பார்த்ததில்லை. உருக்காலைப் புகைபோக்கிகளுக்குக் கீழே பூந்தோட்டங்கள். பத்து ஆண்டுக்கு வரி இல்லை. அனுமதி எல்லாம் ஒரே மேசையில், ஒரே நாளில். தொழிற்பேட்டைச் சிற்றுண்டிச் சாலையில் வியட்நாம், துருக்கி, பிரேசில் சாப்பாடுகளுக்குப் பக்கத்தில் இட்லிக் கொப்பரை. சாலைச் சந்திப்பில் ஒரு சின்னப் பிள்ளையார்கூட இருந்தார்.

"தெக்க பாத்து வெச்சிருக்கோமுங்க. தப்புன்னா திருப்பிக்கலாம்," என்றார் தெஷிமா கவலையோடு.

ஆனால் கடைவீதியில் பாதிக் கதவுகள் மூடிக் கிடந்தன. ஒரு பள்ளிக்கூடத்தைக் கிடங்காக மாற்றியிருந்தார்கள். தெருவில் கண்ணில் பட்ட ஜப்பானியர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இளையவர்கள் எல்லோரும் வேற்று நாட்டு முகங்கள்.

"உங்க பசங்க எல்லாம்?"

"தோக்கியோ, ஒசாகா. என்ற பொண்ணும் அங்கதானுங்க." வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஐந்து மணிக்கு அவர்கள் துறைமுகக் கரையில் இருந்தார்கள். விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. மணியோசை போன்ற ஒரு மெட்டு. மெதுவாக, நடுவில் நீண்ட இடைவெளிகளோடு, ஒரு நிமிடம்கூட இராது. நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். துருக்கிக்காரர் ஒருவர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். மெட்டு முடிந்ததும் எல்லோரும் நகர்ந்தார்கள்.

குமரேசனுக்கு அது தெரிந்த மெட்டாகப் பட்டது. வீட்டில் மகி பல் துலக்கும்போது முணுமுணுப்பது இதுதான். அம்மாவிடம் பேசும்போது கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஜப்பான்ல எல்லா ஊர்லயும் சாயங்காலம் ஒரு பாட்டு உண்டுங்க," என்றார் தெஷிமா. "வெளையாடற கொழந்தைங்க வீட்டுக்குப் போகோணும்னு. எங்களோடது கொஞ்சம் வேற."

வேற என்ன என்று அன்று அவன் கேட்கவில்லை. வந்த நான்காம் நாள் மாலை, அந்த மெட்டை மூன்றாவது முறை கேட்டுவிட்டுத் தாரிணியின் குடியிருப்புக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றும்போதுதான் கைபேசியைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் மகியின் படத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தான். இரண்டு வருடம் முன்பு எடுத்தது, முன்பல் இல்லாத சிரிப்பு. என் மகள் என்று மனம் சொன்னது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் எப்போதும் சுருண்டு கிடக்கும் ஒன்று படுத்துத் தூங்கிவிட்டது போல இருந்தது. நாக்கு மரத்துப் போனவன் பல்லைத் தடவிப் பார்ப்பதுபோல அவன் திரும்பத் திரும்ப அந்தப் படத்தைப் பார்த்தான். பயம் வந்தது.

காலையில் தெஷிமாவின் அலுவலகத்துக்கு நேராகப் போனான். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல உற்சாகமாகச் சொன்னார்.

"அதானுங்க எங்க ஊரோட பெரிய வசதியே. மத்த ஊருக்கெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி வரும். ரெண்டு வருசத்துல ஆளுங்க ஊரு நெனப்பு வந்து ஓடிப்போவாங்க. ஆள் இல்லாம கம்பெனியும் போயிரும். இங்க ஒருத்தரும் போனதில்லீங்க."

"ஒரு பாட்டு எப்படிங்க அதப் பண்ணும்?"

"பாட்டு இல்லீங்க, எடவெளி. ஏக்கம்னு ஒண்ணு மூளைக்குள்ள ஒரு தாளத்துல ஓடுதுங்க. சாயங்காலம் அது வேகமாகும். இந்த மணி அந்தத் தாளத்தப் புடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திரும். பாசம் அப்படியே இருக்கும். ஞாபகமும் இருக்கும். வலி மட்டும் இருக்காது. மூணு நாலு நாள் கேக்காம இருந்தா பழையபடி ஆயிரும். யாரையும் கட்டாயப்படுத்தறதில்லீங்க. இங்க தங்க வர்றவங்க எல்லாருக்கும் சொல்லி, வேண்டாதவங்களுக்குக் காதடைப்பான் குடுக்கறோம். உங்களுக்கும் முதல் நாள் குடுத்த பையில வெச்சிருந்தோமுங்களே?"

ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி இருந்தது நினைவுக்கு வந்தது. ஆலைச் சத்தத்துக்கு என்று நினைத்திருந்தான்.

"வாயால முணுமுணுத்தா?"

"வராதுங்க. மனுசன் வாய்க்கு எடவெளி அவ்வளவு சரியா நிக்காது. பதிவு பண்ணிப் போட்டா வேலை செய்யும். முதியோர் இல்லத்துல அப்படித்தான் போடறோம். முதல்ல இது அவங்களுக்காகக் கண்டுபிடிச்சதுதானுங்க." தெஷிமாவின் குரல் சற்றே இறங்கியது. "பசங்க வேலைக்குப் போயிட்டாங்க. பெரியவங்க ஜன்னல்லயே உக்காந்திருந்தாங்க. சில பேர் சாப்பிடல. சில பேர் உசுர விட்டாங்க. மணி வெச்சதும் அதெல்லாம் நின்னுருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் நல்லாத்தான் இருக்கோமுங்க. முந்தியெல்லாம் ஆகஸ்டுல முன்னோர் திருவிழாவுக்குப் பசங்க எல்லாரும் வருவாங்க, ரயில் கொள்ளாது. என்ற பொண்ணும் வந்துட்டிருந்தா. நான் சந்தோசமா சோறு போடுவேன். போறப்பக் கையாட்டுவேன். கப்பக் கழுவி வெப்பேன். அப்பறம் அவ வர்றத நிறுத்திட்டா." அவர் யோசித்தார். "காத்துட்டு இருக்காத வீட்டுக்கு யாருங்க வருவாங்க?"

அதை முதல் முறையாகத் தன் காதாலேயே கேட்டவர்போல அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

குமரேசன் தாரிணியிடம் கேட்டபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும். முதல் வாரமே சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?"

"ஆரம்பத்துல நானும் காத அடைச்சுட்டுத்தான் இருந்தேன். அப்பறம் ஒரு நாள் எடுத்துட்டேன். இப்ப நல்லாத் தூங்கறேன், நல்லா வேலை செய்யறேன். உங்க மேல பாசம் இல்லீன்னா சொல்றீங்க?"

"ஊருக்கு வருவியா?"

"வரணும்னா வர்றேன்." கத்தியை வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். பொய்யில்லாத முகம். "எதுக்குன்னுதாங்க தெரியல. மகி நல்லா இருக்கா. உங்க தங்கச்சி பாத்துக்கறா. போன்ல பாக்கறேன். இன்னும் ரெண்டு வருசம் இருந்தா என்ன?"

குமரேசனுக்குக் கோபம் வரவில்லை. காலை இழந்தவளிடம் ஏன் ஓடவில்லை என்று கேட்டதுபோல் இருந்தது.

"எனக்காக ஒண்ணு பண்ணு. நாலு நாள் லீவு போடு. மணி கேக்காத எடத்துக்குப் போலாம். அதுக்கப்பறமும் இதையே சொன்னீன்னா நான் பேசாம பிளேன் ஏறிர்றேன்."

"நீங்க கேட்டுட்டீங்க, சரி," என்றாள், உப்பு எடுத்துத் தரச் சொன்னதற்குச் சம்மதிப்பது போல.

தெஷிமாவே எதிரிலிருந்த தீவில் ஒரு விடுதி பிடித்துக் கொடுத்தார். ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்த சின்னத் தீவு. முதல் இரண்டு நாள் சுற்றுலாக் கணவன் மனைவிபோல நடந்தார்கள். குமரேசனுக்கு மறுநாளே பழைய பாரம் திரும்பியது. அவ்வளவு ஆறுதலாக எதையும் அவன் சுமந்ததில்லை.

மூன்றாம் நாள் சேர்மன் அழைத்தார். மனை, தண்ணீர், துறைமுகம் எல்லாம் சொன்ன குமரேசன், மணியைப் பற்றியும் சொன்னான்.

"அப்ப ஆளுங்க ஓட மாட்டாங்க?"

"ஓட மாட்டாங்களாமுங்க ஐயா."

"கண்ணு, அந்த மணிய நம்ம கோயமுத்தூர் ஹாஸ்டல்ல வெக்கக் குடுப்பாங்களான்னு கேளு. பீகார்க்காரனும் ஒடிசாக்காரனும் பண்டிகைக்குப் போனாப் போனதுதான், பாதிப் பேர் திரும்பறதில்ல. மோல்டிங் செக்சன் மாசக்கணக்கா நொண்டுது. ஆலை அங்க கட்டறமோ இல்லியோ, அத முதல்ல புடி."

குமரேசனுக்குச் சுபல் நாயக்கின் முகம் வந்தது. வார்ப்படத்தில் வேலை செய்பவன். பிள்ளைக்குக் காது குத்து என்று போன மாதம் லீவு கேட்டு நின்றான். 'ஆர்டர் முடியட்டும்' என்று குமரேசன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தான். மாலையில் ஹாஸ்டல் படிக்கட்டு முழுக்கக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த முதுகுகளை அவன் தினமும் கடந்து போனவன்தான்.

"கேட்டுட்டுச் சொல்றேனுங்க," என்று வைத்தான்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடுதி முற்றத்தில் தாரிணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே சுளைகளைப் பிரித்தாள். ஒவ்வொரு சுளையிலிருந்தும் வெள்ளை நாரை நகத்தால் கிள்ளி எடுத்தாள். நார் இருந்தால் மகி துப்பிவிடுவாள். ஐந்தாறு சுளைகளைத் தனியாக ஓர் ஓரத்தில் அடுக்கினாள். அடுக்கிய பிறகு கை நின்றது. அந்தச் சுளைகளையே பார்த்தாள்.

"இது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

குமரேசன் அந்தச் சுளைகளை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்த சத்தத்துக்கு விடுதிக்காரப் பெண்மணி உள்ளேயிருந்து ஓடி வந்து, பார்த்துவிட்டு, ஒரு துண்டை வைத்துவிட்டு மெல்லப் போய்விட்டார்.

"பல்லு... அந்தப் பல்லு எங்க? சாஸ் புட்டிக்குப் பக்கத்துல வெச்சேனே, நான் என்ன மனுசி?"

டப்பி அவன் பையிலேயே இருந்தது. கிளம்பும்போது எடுத்து வந்திருந்தான். அவள் அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, "போன் போடுங்க, போன் போடுங்க," என்றாள்.

திரையில் மகி வந்தாள். இரட்டைச் சடை, வாயில் முறுக்கு.

"ஹாய்ம்மா."

"மகி... சாமி... உன்னப் பாக்கோணும் போல இருக்குடி."

"இப்ப பாத்துட்டுத்தானம்மா இருக்க?" மகி முறுக்கைக் கடித்தாள். "ஏன் அழற? கண்ல ஏதாச்சும் விழுந்துருச்சா?"

"அம்மா ஊருக்கு வரட்டுமா?"

"வாம்மா. சரி, கீழ பசங்க கூப்படறாங்க. போகட்டுமா? அத்தைகிட்டத் தர்றேன்."

வித்யா திரையில் வந்தாள். குமரேசனின் தங்கை. "நீங்க அழாதீங்க அண்ணி. புள்ள தங்கம். முந்தி மாதிரி அழறதே இல்ல. பெரிய மனுசி ஆயிட்டா. ஸ்கூல் விட்டு வந்ததும் நீங்க அனுப்புன அந்தப் பாட்ட ஹெட்போன்ல போட்டுக் கேட்டுட்டு, அவளே வீட்டுப்பாடத்துக்கு உக்காந்துக்கறா. நான் ஒரு வார்த்த சொல்றதில்ல."

தாரிணியின் கையிலிருந்து கைபேசி மெதுவாகத் தாழ்ந்தது. குமரேசன் அழைப்பைத் துண்டித்தான்.

அவன் தினமும் எட்டு மணிக்குமேல் வீடு திரும்புகிறவன். மகள் அழுகையை நிறுத்தியதைப் பார்த்து, பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று பலரிடம் பெருமையாகச் சொன்னவன்.

"நீயா அனுப்புன?"

"நான்தான்." கடலைப் பார்த்தபடி சொன்னாள். "அப்ப நான் காத அடைச்சுட்டு இருந்தேன். தெனமும் போன வெக்கறப்ப அவ கதறுவா. 'வெக்காத, வெக்காத'ன்னு போனப் புடிச்சுப்பா. நான் வேணா அழுதுட்டுப் போறேன், பச்சப்புள்ள எதுக்கு அழோணும்னு பதிவு பண்ணி அனுப்புனேன். நல்ல பாட்டு, தெனம் கேளு தங்கம்னு. ஒரு வாரத்துல அவ அழுகை நின்னுருச்சு. 'சரிம்மா, வை'ன்னா."

"தாரிணி..."

"அதத்தாங்க என்னால தாங்க முடியல. அவ என்னத் தேடாம நான் மட்டும் அவளத் தேடிட்டு... அன்னிக்குத்தான் காதுல இருந்தத எடுத்தேன். எடுத்ததுக்கப்பறம் எதையுமே யோசிக்கல."

அலை ஒன்று வந்து படித்துறையை நனைத்துவிட்டுப் போயிற்று. குமரேசன் மீண்டும் வித்யாவை அழைத்தான்.

"அந்தப் பாட்ட அழிச்சுரு. எங்கெங்க இருக்கோ எல்லாத்தையும்."

"ஏண்ணா? நல்லாத்தான இருக்கா? அழிச்சா மறுபடி அழுவாளே."

தாரிணி கைபேசியை வாங்கினாள்.

"அழட்டும் வித்யா. நான் வந்துட்டிருக்கேன்."

அவள் ஹினோசேக்குத் திரும்பவில்லை. தெஷிமாவே பெட்டிகளைக் கட்டிப் பக்கத்து ஊர்ப் படகுத்துறைக்குக் கொண்டுவந்தார். வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். அவர் காதுகளில் ஆரஞ்சு அடைப்பான்கள் இருந்தன.

"இங்க மணி கேக்காதுங்களே," என்றான் குமரேசன்.

தெஷிமாவுக்குக் காது கேட்கவில்லை. ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். "எடுக்க மறந்துட்டனுங்க. மூணு நாளா போட்டிருக்கேன். ஒண்ணும் வரலீங்க." தாரிணியின் வீங்கிய கண்களைப் பார்த்தார். "அவங்களுக்கு ஒரு வருசம் இருக்குமுங்களா? எனக்கு இருபது வருசமாச்சு. கொஞ்சம் கூடத்தான் ஆகும், இல்லீங்களா?"

அவர் வணங்கினார். படகு நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தார். பிறகு எடுத்த அடைப்பானை மறுபடியும் காதில் பொருத்திக்கொள்வது தூரத்தில் தெரிந்தது.

ஒசாகா விமான நிலையத்தில் சேர்மனின் அழைப்பு வந்தது.

"என்ன கண்ணு, மணி விசயம் கேட்டியா?"

"கேட்டனுங்க ஐயா. மணி வேலை செய்யாதுங்க."

"அந்தூர்க்காரன் கேரண்டி தர்றானாமே?"

"என்ற சம்சாரமே ஒன்றரை வருசம் கேட்டவதானுங்க. வேலைய உட்டுட்டு எங்கூடவே கெளம்பி வந்துட்டா. அதுக்குமேல என்னங்க அத்தாட்சி?"

சேர்மன் நீண்ட பெருமூச்சு விட்டார். "அதானே பாத்தேன். இவனுக பீத்தறதுக்கு ஒரு அளவில்ல." ஆலையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். குமரேசன் அந்தக் கையோடு ஆலைக்குப் பேசி, சுபல் நாயக்குக்கு லீவு எழுதச் சொன்னான். காது குத்து முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றார்கள். ஆனாலும் எழுதச் சொன்னான்.

தாரிணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டை அழித்து நான்கு நாள். இடையில் இரண்டு முறை பேசியபோதும் மகி விளையாடப் போகத்தான் அவசரப்பட்டாள். சில குழந்தைகளுக்குத் திரும்பாமலே போகுமோ என்று நேற்றிரவு தாரிணி கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு யாரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை என்று தெஷிமா சொல்லியிருந்தார்.

விமானத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லி அறிவித்தார்கள். அப்போது கைபேசி ஒளிர்ந்தது. மகிதான். வழக்கமாக அழைக்கும் நேரமே அல்ல.

"அம்மா." குரலில் கடுகடுப்பு.

"சொல்லு சாமி."

"என் பல்லு எங்க? அப்பா வாங்கிட்டுப் போச்சே, அது எங்க?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

"அது என்னோடது. கூரையில போடோணும். அத்தை, வேற பல்லு விழுந்தா அதப் போடலாங்குது. அதுக்கு ஒண்ணுமே தெரியல. நீதான் தூக்கி விடோணும், எனக்குத் தொட்டி எட்டாது..." குரல் அங்கே உடைந்தது. "எப்பம்மா வருவ? நீ ஏம்மா இன்னும் வரல?"

பிறகு வார்த்தைகள் இல்லை, அழுகை மட்டும்தான். கைபேசியைத் தாண்டிக் குமரேசனுக்கும், வரிசையில் முன்னால் நின்ற அயலாருக்கும் கேட்கிற அழுகை.

தாரிணி சமாதானம் சொல்லவில்லை. கண்ணை மூடி, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பல் இருந்த இன்னொரு கை மடியில் இறுகியிருந்தது.

"வா, கூப்படறாங்க," என்றான் குமரேசன்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்."